முருங்கை மரத்துக் கோழிக்கும் ஒரு சொட்டு

கால்நடை, கோழித் தடுப்பூசி ஆராய்ச்சியில் இருக்கும் விஞ்ஞானிகளுக்கு,

வணக்கம். கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோமாரிக்கும் சப்பை நோய்க்கும் ஆட்டுக்கொல்லிக்கும் ஊசி போட்டு ஊர் ஊராகச் சுற்றியவன். இந்த மடல் மாட்டைப் பற்றியதல்ல. கொல்லையில் குப்பையைக் கிளறிக்கொண்டு திரியும் நாட்டுக்கோழியைப் பற்றியது. சிரிக்காதீர்கள், விஷயம் உங்கள் ஆய்வகம் வரை வரும்.

கோழியைக் கொல்லும் வைரஸ் நோயான ராணிக்கெட்டை எங்கள் பக்கம் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். பலர் வெறுமனே சீக்கு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இந்தியாவில் 1927 வாக்கில், இன்றைய உத்தராகண்டில் இருக்கும் ராணிக்கெட் ஊரில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். தடுப்பு மருந்து தயாராகிற இடமோ ராணிப்பேட்டை. "ராணிப்பேட்டையிலிருந்து வந்த சீக்குக்கு ராணிப்பேட்டையிலேயே மருந்தா?" என்று இரண்டு பெயரையும் குழப்பிக்கொண்டு என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சீக்கு வந்த கோழி காலையில் தூங்கி விழும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், ஒன்றிரண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும், மூன்று நாலு நாளில் பஞ்சாரம் காலியாகிவிடும். மிச்சம் இருப்பதை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். சீக்கு அடுத்த ஊருக்குப் போகும்.

மருந்து இல்லாமல் இல்லை. குஞ்சுக்கு ஒரு வாரத்தில் லசோட்டா என்ற தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டு வாரத்துக்குமேல் இறக்கைக்கடியில் ஊசி. அந்த ஊசியில் இருக்கும் வைரஸ் ரகம் 1940களில் முக்தேசுவர் ஆய்வகத்தில் உருவானது. இன்றைக்கும் ஒழுங்காகப் போட்டால் ஒழுங்காக வேலை செய்கிறது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிப்ரவரியிலும், கோடைக்கு முன்னால், இருவார முகாம் நடக்கிறது. அந்த "ஒழுங்காக" என்ற சொல்லில்தான் சிக்கல்.

ஒரு முகாம் நாளை அப்படியே சொல்கிறேன். விடியற்காலை ஐந்தரை மணி. பஞ்சாரத்தைத் தூக்குவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட வேண்டும். திறந்துவிட்டால் அப்புறம் கோழியைப் பிடிக்க ஆள் கிடையாது. பிளாஸ்கில் ஐஸ், ஐஸுக்கு நடுவில் குப்பி. ஒரு குப்பி நூறு கோழிக்கு. கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். முதல் வீட்டில் ஏழு கோழி. அடுத்த வீட்டில் பன்னிரண்டு, அதில் இரண்டு அடைக்கோழி, தொடவிட மாட்டார்கள். மூன்றாவது வீட்டுக் கோழிகள் இரவெல்லாம் முருங்கை மரத்தில்தான் படுக்கும். "நாளைக்கு வாங்க சார், பிடிச்சு வைக்கிறேன்" என்பார் அந்த அம்மா. நாளைக்கு இந்தக் குப்பி உயிரோடு இருக்காது. ஏழரை மணிக்குக் கணக்குப் பார்த்தால் நாற்பது கோழி தாண்டியிருக்காது. மிச்சத்தைக் குழி தோண்டிக் கொட்டுவேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு முறை சனி, ஞாயிறு முழுக்க மின்சாரம் இல்லை. திங்களன்று குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஈரமும் வெதுவெதுப்பும்தான் இருந்தன. மருந்து கெட்டதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வேறு சரக்கு வர நாளாகும் என்று தெரியும், போட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து அந்தத் தெருவில் சீக்கு விழுந்தது. "ஊசி போட்டதாலதான் செத்துப்போச்சு" என்று ஒரு பாட்டி சொன்னார். நான் மறுக்கவில்லை, மறுக்க என்னிடம் என்ன இருந்தது? அடுத்த ஆண்டு அந்தத் தெருவில் கதவைத் திறந்தவர்கள் பாதிப் பேர்தான்.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். வான்கோழியின் ஹெர்பிஸ் வைரஸில் ராணிக்கெட் வைரஸின் ஒரு மரபணுவைச் செருகி, குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே பதினெட்டாம் நாள் வாக்கில் செலுத்துகிறீர்கள். அந்த வைரஸ் கோழியின் உடம்பிலேயே தங்கி எதிர்ப்பாற்றலை வெகுநாள் காக்கிறது. தாயிடமிருந்து குஞ்சுக்கு வந்த எதிர்ப்பொருளும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. படித்தபோது உண்மையிலேயே வாய்பிளந்தேன். ஆனால் அந்தத் தடுப்பூசி உயிருள்ள செல்லுக்குள் இருக்கிறது, அதைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். நாமக்கல் போன்ற ஊர்ப் பெரிய பொரிப்பகத்துக்கு அது சரி. எங்கள் மருந்தகத்திலும் நைட்ரஜன் குடுவை உண்டு, ஆனால் அது மாட்டுக்கான உறைவிந்துக் குச்சிகளுக்கு. கூடைக்கடியில் பன்னிரண்டு முட்டையோடு அடைகாக்கும் கோழியிடம் குடுவையைக் கொண்டுபோய் நான் என்ன செய்ய?

கிருமியின் மரபணுவை மட்டும் டிஎன்ஏவாக உடம்பில் செலுத்தும் டிஎன்ஏ தடுப்பூசியைப் பார்த்ததும் ஆசை வந்தது. டிஎன்ஏ வெயிலை ஓரளவு தாங்கும் என்கிறீர்கள். ஆனால் அது செல்லுக்குள் போய்ச் சேர வேண்டும். எலியில் அருமையாக வேலை செய்தது மாட்டிலும் பன்றியிலும் ஊசியால் மட்டும் போட்டபோது மந்தமாகிவிட்டது; மின்துடிப்பு கொடுத்து உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது. கனடாவில் 2005இல் பண்ணை சால்மன் மீனுக்கு ஒரு டிஎன்ஏ தடுப்பூசி அனுமதி பெற்றது, அது நல்ல செய்திதான். எம்ஆர்என்ஏ பற்றிச் சொல்லவே வேண்டாம், கொரோனாக் காலத்தில் அதைக் குளிரில் வைக்க உலகம் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம்.

நான் புதுமைக்கு எதிரி இல்லை. கேட்பதெல்லாம் இதுதான்: மரபணுவை ஏற்றிப் போகும் வண்டியைத் தேர்வு செய்யும் முதல் நாளிலேயே அந்த வண்டி வெயிலில் எத்தனை நாள் ஓடும் என்று பாருங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தக் கடைசி வருவதே இல்லை.

வழி இருக்கிறது என்பதற்கு, மாட்டைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோயே சாட்சி. வால்டர் பிளவ்ரைட் கென்யாவில் உருவாக்கிய தடுப்பூசி அருமையானது, ஆனால் குளிர்ச்சி கேட்டது. 1990 வாக்கில் ஜெஃப்ரி மரைனர் அதே வைரஸ் ரகத்தை எடுத்துக்கொண்டார், மரபணுவில் கைவைக்கவில்லை. உறையவைத்து உலர்த்தும் முறையைத்தான் மாற்றினார். வெயிலைத் தாங்கும் மருந்து கிடைத்தது. குளிர்சாதனப் பெட்டி எட்டாத ஆப்பிரிக்க மேய்ச்சல் நிலங்களுக்கு அந்த மேய்ச்சல்காரர்களே அதைச் சுமந்துபோய்ப் போட்டார்கள். இந்தியாவில் அந்த நோய் கடைசியாகத் தலைகாட்டியது 1995இல், நம் தமிழ்நாட்டில்தான். 2011இல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். உலர்த்தும் முறைக்கு யாரும் பெரிய விருது கொடுப்பதில்லை என்பது வேறு கதை.

கோழிக்கும் அப்படி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உருவான ஐ-2 என்ற ரகம் வெப்பத்தைத் தாங்கும், நோய் உண்டாக்காது. தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் கிராமத்துக் கோழிகளுக்கு அதைக் கண்ணில் ஒரு சொட்டாக, நாலு மாதத்துக்கு ஒரு முறை விடுகிறார்கள். அதைச் செய்வது பெரும்பாலும் பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களே. நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் டி-58 என்ற ரகத்தைக் குருணைத் தீவனமாக்கிக் கொடுத்தது. ஊசி வேண்டாம், பிடிக்க வேண்டாம், முருங்கை மரத்திலிருந்து இறங்கிவந்து தானே கொத்தித் தின்னும். இதை முதலில் கேள்விப்பட்டபோது பிளாஸ்கைத் தூக்கி எறியத் தோன்றியது.

அதனால் எனக்கு ஒரு யோசனை. சீனாவிலும் மெக்சிகோவிலும் ராணிக்கெட் வைரஸையே வண்டியாக்கி, பறவைக் காய்ச்சலின் எச்5 மரபணுவை ஏற்றித் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். வண்டியாக இருப்பது வெப்பம் தாங்கும் ரகமாகவே இருந்தால் ஒரே சொட்டில் இரண்டு நோய்க்கு வழி பிறக்காதா? உயிரியலில் எனக்குத் தெரியாத தடை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். விலை கட்டுப்படியாகாது, நாட்டுக்கோழிக்காரி வாங்க மாட்டாள் என்றால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐந்து, பத்துக் கோழிக்கான சின்னக் குப்பியில் எத்தனை பேர் விற்றுப் பார்த்திருக்கிறார்கள்?

அப்புறம், சோதனைக் கோழி. எந்த நோயும் அண்டாமல் வளர்த்த கோழியில் எதிர்ப்பாற்றலை அளந்து எண் தருகிறீர்கள். எங்கள் கோழியின் வயிற்றில் பூச்சி இருக்கும், உடம்பில் செள்ளு இருக்கும், தின்றது நேற்றைய சோறும் கரையானும். அதற்கும் அதே எண் வருமா? ஒரு குழுவாவது எங்கள் கொல்லையில் இரத்தம் எடுத்துப் பாருங்கள்.

வருவதானால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், பத்து வீட்டுக்கு நானே கூட்டிப்போகிறேன். ஐந்தரைக்குள் வந்துவிட வேண்டும். ஆறு மணிக்குப் பஞ்சாரத்தைத் தூக்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்