நன்றி மடல்: ரியூப் வராத மூன்று வாரங்கள்

ஒட்டுசுட்டான் அயலவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் எங்களைத் தாங்கியவர்களுக்கும்,

என் மூன்றரை வயது மகனுக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை முடிந்து இன்றுடன் நான்கு வாரங்கள். சத்திரசிகிச்சைக்கு ஒரு மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. வீட்டில் அவனை ஓடாமல் பிடித்து வைத்திருந்த நாட்கள்தான் நீண்டவை. அந்த நாட்களில் நான் தனியே இருக்கவில்லை.

முதல் நன்றி முன்பள்ளி ரீச்சருக்கு. நனைந்த காற்சட்டையை மாற்றும்போது, அழுகிற பிள்ளைக்குக் கவட்டில் புடைப்பதை அவர் கண்டு சொன்னார். நானும் முன்பே கண்டதுதான். வளர வளரச் சரியாகும் என்று ஒருவர் சொன்னதை நம்பி ஆறு மாதம் வீணாக்கியிருந்தேன். தொப்புளில் வருவது பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளுமாம். கவட்டில் வருவது மூடாதாம். விதை கீழிறங்கிய வழி பிறந்த பிறகும் திறந்து கிடப்பதால் குடல் அதற்குள் வந்து போகிறது, சிக்கிக்கொண்டால் ஆபத்து என்று யாழ்ப்பாணத்தில் டொக்டர் கொப்பித்தாளில் படம் கீறிக் காட்டினார். அவருடைய பொறுமைக்கும் நன்றி.

வான் ஓட்டிய தம்பியை எப்படி மறப்பேன்? மாங்குளத்தில் ஏ9 வீதியில் ஏறும்போது இன்னும் விடியவில்லை. நள்ளிரவுக்குப் பின் பிள்ளைக்குச் சாப்பாடு இல்லை. தண்ணீர் மட்டும், அதுவும் மயக்க மருந்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்புவரைதான். பசியில் அவன் சிணுங்க, கிளிநொச்சியில் தேநீருக்கு நிறுத்தாமலே ஓடினார் அந்தத் தம்பி. பிள்ளை பார்க்கக்கூடாதென்று தன் பிளாஸ்கையும் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது தாதி, பிள்ளையின் நிறைக்குரிய பனடோல் பாணியின் அளவை ஊசியில்லாத சிறிஞ்சில் நீலப்பேனையால் கோடு போட்டுத் தந்தார். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம் என்றார். தூக்கக் கலக்கத்தில் எனக்குத் துணை நின்றது அந்தக் கோடு ஒன்றுதான்.

இரண்டாம் இரவு விதைப்பை வீங்கியிருந்தது. அலறிக்கொண்டு மருத்துவமாது அக்காவை அழைத்தேன். மழைக்குள் ஸ்கூட்டரில் வந்து, டோர்ச் அடித்துப் பார்த்து, "வீக்கம் மென்மையாகத்தான் இருக்கிறது, தங்கச்சி. சிவப்பும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இறுகினாலோ, சத்தி எடுத்தாலோ, காயத்தில் சீழ் கண்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்" என்றார். இரண்டொரு வாரத்தில் வீக்கம் வற்றிவிட்டது.

முக்கி மலம் கழித்தால் காயம் நோகுமென்று எதிர்வீட்டு மாமி நாள்தோறும் பப்பாசிப்பழமும் கீரைக்கறியும் அனுப்பினார். பழத்தை அவன் தின்றான், கீரையை நான் தின்றேன். மாமி மன்னிக்க வேண்டும். வற்றாப்பளை அம்மனுக்கு எனக்காக நேர்த்தி வைத்தவரும் அவரே.

சேற்று வயலில் கால் வைப்பவனைப்போல் அகட்டி அகட்டி நடந்தவன், நான்காம் நாளே மூன்று சில்லுச் சைக்கிளைத் தேடினான். மூன்று வாரம் சைக்கிளும் குதிப்பும் கூடாது என்றிருந்தார்கள். சந்தியில் சைக்கிள் திருத்தும் அண்ணன்தான் அதைத் தன் கடைக்குத் தூக்கிப்போனார். பின்னேரந்தோறும் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு போய் விசாரிப்பான். "ரியூப் வவுனியாவிலிருந்து இன்னும் வரவில்லை, ஐயா" என்று அவர் முகம் மாறாமல் சொல்வார். அந்தச் சைக்கிளுக்கு ரியூபே கிடையாது!

கடந்த வாரம் சைக்கிள் வீடு வந்தது. கைபிடியில் நான் கேட்காத புதிய மணி ஒன்று. காசு கொடுக்கப் போனேன். "ரியூப் தாமதமானதற்கு நட்டஈடு" என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார். விடிந்ததிலிருந்து அந்த மணிதான் அடித்துக்கொண்டிருக்கிறது. அயலவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா