புல்டோசர் தள்ளினாலும் அது ஆழித்தேர்தான்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வாசகர் ஒருவர் திருவாரூர் தியாகராஜர் கோயிலின் ஆழித்தேரைப் பற்றி எழுதியிருந்த கடிதம் படித்தேன். பின்னால் புல்டோசர் தள்ளும்போது முன்னால் வடம் பிடிப்பது வெறும் ஒப்புக்குத்தானே என்று கேட்டிருக்கிறார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் இந்த ஊரில் பிறந்த யாராலும் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

அலங்காரம் முடிந்தால் தேர் 96 அடி உயரம், எடை ஏறத்தாழ 300 டன் என்று எல்லாப் பத்திரிகைகளும் வருஷா வருஷம் போடுகின்றன. அந்த எடையைக் கிளப்புவதுகூடப் பெரிதில்லை, நிறுத்துவதுதான் பெரிய பாடு. அதற்காகத்தான் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தது.

பழைய தேர் 1920-களில் தீக்கு இரையானது. புதிதாகச் செய்த தேர் 1930-இல் ஓடியது. 1948-க்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் நிலையடியை, அதாவது தேர் நிறுத்தி வைக்கும் இடத்தை, விட்டு நகரவில்லை. அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தேரோட்டம் என்பது தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட சங்கதிதான். 1970-இல் கருணாநிதி முதல்வராக இருந்தபோதுதான் மறுபடி ஓடியது. சாமி இல்லை என்று பேசியவர் சாமியின் தேரை ஓட வைத்தார் என்பதை இங்கே இரு தரப்பாரும் இன்றுவரை அவரவர் வசதிக்கு ஏற்ற மாதிரி சொல்லிக்கொள்கிறார்கள், அது வேறு கதை. இயந்திரம் வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தால், அப்பர் பாடிய ஆழித்தேர் என்ற பெருமையை வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருப்போம்.

சரி, புல்டோசர் என்னதான் செய்கிறது? நேர் வீதியில் பின்னாலிருந்து தள்ளும். முனை வந்துவிட்டால் அதன் ஜம்பம் பலிக்காது. அங்கே வேலை செய்கிறவர்கள் வேறு ஆட்கள். வீதி திரும்பும் இடத்தில் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடுகளைப் பரப்பி, மேலே மசகைக் கொட்டித் தடவுவார்கள். அந்த வழுக்கலில் தேரின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்துத் திருப்ப வேண்டும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தை ஒட்டியே குனிந்தபடி நடப்பார்கள். முழங்கை வரை கருப்பு மசகு, தலையில் துண்டு, கண் சக்கரத்தின் மேல். கட்டை ஒரு விரற்கடை தள்ளி விழுந்தாலும் தேர் இழுக்கிற திசை மாறும். பின்னால் ஆயிரக்கணக்கானோர் "ஆரூரா! தியாகேசா!" என்று முழங்கும்போது அவர்கள் வாயைத் திறப்பதே இல்லை, கைஜாடைதான். ஒரு முனை திரும்பி முடிவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும்.

இந்த ஆட்களின் படம் உங்கள் இதழில் வந்து நான் பார்த்ததில்லை. கீழ வீதியில் வடம் தொட்டுக் கொடுக்கும் பிரமுகர்கள் படம் வருகிறது, மாடியிலிருந்து எடுத்த கூட்டத்தின் படம் வருகிறது. அதோடு சரி. திருவாரூர் தேரழகு என்று ஊரே சொல்கிறதே, அந்த அழகுக்குத் தொம்பை (தேரில் தொங்கவிடும் துணி அலங்காரம்) கட்டுகிறவர், மூங்கில் சாரத்தில் ஏறி உச்சி வரை முடிச்சுப் போடுகிறவர், கட்டை போடுகிறவர் என்று பரம்பரையாக இதையே செய்கிற குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அடுத்த முறை உங்கள் நிருபர் அவர்களிடம் உட்கார்ந்து பேசட்டும்.

இன்னொன்று. தேர் பங்குனி ஆயில்யத்தில் ஓடுவதுதான் மரபு. நடுவில் சில வருஷங்கள் வைகாசி, ஆனி என்று தள்ளிப்போய், இப்போது மறுபடி ஆயில்யத்துக்கே வந்திருக்கிறது. இதில் எனக்கு முழு சந்தோஷம். ஒரே சங்கடம், பங்குனி என்றால் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வுக் காலம். மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டாலும் மறுநாள் பரீட்சை இருக்கிற பிள்ளை வீதிக்கு வருமா? தேர்வு அட்டவணை போடும்போதே பஞ்சாங்கத்தைப் புரட்டி, தேருக்கு மறுநாளையும் காலியாக விட்டால் போதும். இதை நீங்கள் தலையங்கமாக எழுதினால் நாங்கள் பத்து மனு போடுவதைவிடப் பலன் இருக்கும்.

கடிதம் எழுதிய வாசகரும் ஒருமுறை நேரில் வரட்டும். தேர் கிளம்பும் இடத்தில் முண்டியடிக்க வேண்டாம். கீழ வீதியும் தெற்கு வீதியும் சேரும் முனைக்குப் போய், ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையோரமாக இடம் பிடித்துக்கொள்ளட்டும். நீர்மோர்ப் பந்தல்கள் நிறைய இருக்கும். செருப்பை மட்டும் தங்கியிருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், அந்தக் கூட்டத்தில் கழன்றால் திரும்பக் கிடைக்காது.

இப்படிக்கு,
வடக்கு வீதி வாசகர்,
திருவாரூர்.