2024 ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் எல்லையான ரைன் ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல், ஆண்டுவிழா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எல்லாம் வழமைபோல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். யூலையில் நடந்த கலந்துரையாடலைத்தான் சற்று விரிவாகப் பதிய விரும்புகிறேன்.

1984 யூலை 13 அன்று பிரான்சும் மேற்கு ஜேர்மனியும் சார்புருக்கன் நகரில் எல்லைச் சோதனையைத் தளர்த்தும் ஓர் உடன்படிக்கை செய்தன. அதன் நாற்பதாம் ஆண்டையொட்டித்தான் கூடினோம். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் சுங்க அதிகாரிகளின் வேலைநிறுத்தத்தால் எல்லைகளில் லொறிகள் தேங்கி, சாரதிகள் வீதிகளை மறித்தார்கள். அப்புறம்தான் பிரெஞ்சு ஜனாதிபதி மித்தெரானும் ஜேர்மன் சான்சலர் கோலும் விடயத்தைக் கையில் எடுத்தார்கள். உடன்படிக்கையின்படி, முன்கண்ணாடியில் பச்சை வட்டம் ஒட்டிய கார், எல்லையில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனால் போதும். காவலர் கண்ணால் பார்ப்பார். பொதுவாக மறிக்க மாட்டார்.

எண்பதுகளின் கடைசியில் இங்கு, ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்கு வந்த மூத்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். கையில் அகதி விண்ணப்பக் கடதாசி மட்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜேர்மன் நகரான கேலில் சொந்தத் தம்பி இருக்கிறான். போய்ப் பார்க்க வழியில்லை. கேலிலிருந்து ட்ராம் ஏறி வகுப்புக்கு வரும் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ட்ராமே 2017இல்தான் ரைனைத் தாண்டியது.

இரண்டு பெரிய நாடுகள் தமக்குள் பேசி முடித்தால் சின்ன நாடுகளின் கதி என்ன என்று இளையவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் மூன்றும் ஏற்கெனவே தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கியிருந்தவை. பிரெஞ்சு–ஜேர்மன் ஏற்பாட்டைக் கண்டதும் தாமும் சேர விரும்பின. ஐந்து நாடுகளும் பேசி, 1985 யூன் 14 அன்று மொசெல் ஆற்றில் ஒரு கப்பலில், எல்லைச் சோதனையைப் படிப்படியாக நீக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இடம் லக்சம்பேர்க்கின் சின்னக் கிராமமான ஷெங்கன். 1995 மார்ச்சில் ஏழு நாடுகளில் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 29 நாடுகள். இருவர் நெருக்கம் மற்றவர்க்கும் பயன்பட வேண்டுமானால், பின்னால் வருபவர்களுக்கும் மேசையில் இடம் வைத்திருக்க வேண்டும். சார்புருக்கனில் அது நடந்தது என்பதே என் எண்ணம்.

2020 மார்ச்சில் எல்லை அடைபட்டபோது நம் குடும்பங்களும் பிரிந்து கிடந்தன. அதே வாரங்களில்தான் நம் அல்சாஸ் பகுதியின் கொரோனா நோயாளிகளைப் பக்கத்து ஜேர்மன் மாநில மருத்துவமனைகள் ஏற்றுக்கொண்டன. மே 18 அன்று ஜேர்மன் சான்சலர் மேர்க்கெலும் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோனும் 50,000 கோடி யூரோ மீட்பு நிதியை முன்மொழிந்தார்கள். சில நாடுகள் கடுமையாக எதிர்த்தன. ஆனாலும் யூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் 75,000 கோடிக்கு ஒப்புக்கொண்டன. கூட்டாகக் கடன் வாங்க அதுவரை சம்மதிக்காத ஜேர்மனி பிரான்சுடன் சேர்ந்து இறங்கி வந்திராவிட்டால், அது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

2024 செப்டம்பரில் ஜேர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் மீண்டும் சோதனையைத் தொடங்கியிருப்பது கவலைக்குரியது. இது பழக்கமாகிவிடக் கூடாது. இரு கரை மக்களுக்கும் பொதுவான யூரோடிஸ்ட்ரிக்ட் அமைப்புக்கு, பள்ளிப் பிள்ளைகளையும் வேலைக்குப் போய்வருவோரையும் மனதில் வைத்து ஒரு கடிதம் அனுப்பச் செயற்குழு தீர்மானித்துள்ளது. வரைவு பின்மேசையில் இருக்கிறது. வாசித்துத் திருத்தம் சொல்லுங்கள்.

கேலில் வசிப்போரும் செயற்குழுவுக்குப் போட்டியிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். இரு கரையும் நமக்குப் பொதுவானவை. நம் சங்கம் பதிவாகியிருப்பதே சங்கங்களுக்கான பிரான்சின் 1901 சட்டத்தின் கீழ் அல்ல. அல்சாஸில் இன்றும் நடப்பிலிருக்கும் ஜேர்மன் காலச் சட்டத்தின் கீழ்.

2025 யூனில் ஷெங்கன் உடன்படிக்கைக்கு நாற்பது வயது. தமிழ் வகுப்புப் பிள்ளைகளை அந்தக் கிராமத்துக்குப் பஸ்ஸில் அழைத்துச் செல்ல இருக்கிறோம். பெயர் தரும் பெற்றோர் ஏப்ரல் முடிவதற்குள் தரவும்.

இவ்வறிக்கையைச் சபையின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்