கழுகுக் கதை போதும், மதகுத் தண்ணீரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் வரும் கிறிஸ்தவச் சிந்தனைகளைக் கத்தரித்து, ஞாயிறு பிரசங்கத்துக்கென்று வேதாகமத்துக்குள் மடித்து வைப்பவர்கள் கொங்கு வட்டாரச் சபைகளில் நிறையப் பேர் உண்டு. ஒரே ஆயர் பல கிராமச் சபைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊர்களில் உபதேசியாரோ ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரோதான் அநேக ஞாயிறுகளில் மேடை ஏறுகிறார். அவர் கைக்கு எட்டுகிற நூலகம் உங்கள் பத்திரிகை. அதனால்தான் அதில் அச்சாகும் உதாரணக் கதைகளைப் பற்றி எழுதுகிறோம். பாதி குறை, பாதி யோசனை.

முதலில் அந்தக் கழுகு. நாற்பது வயதில் மலையுச்சிக்குப் போகுமாம், அலகைப் பாறையில் மோதி உடைக்குமாம், புது அலகு வந்ததும் நகத்தையும் இறகையும் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்னும் முப்பது வருடம் வாழுமாம். வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வரும் இந்தக் கதை பொய். அலகு போன கழுகால் இரையைக் கிழிக்க முடியாது. பட்டினி கிடந்து சாகும். இறகு உதிர்ந்து முளைப்பது எல்லாப் பறவைக்கும் இயல்பு. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவரிடம் கேட்டால் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார். அவரும் சபையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் சிக்கல். தான் அறிந்த ஒரு விஷயத்தில் பிரசங்கியார் தவறுகிறார் என்று கண்டவர், அறியாத விஷயத்தில் அவரை எப்படி நம்புவார்? கழுகைப் போல் வயது திரும்புகிறது என்று சங்கீதம் 103:5 சொல்வதற்கு இந்தக் கதையின் துணை தேவையே இல்லை.

ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்கிறது வசனம். அந்த ஊசியின் காது என்பது எருசலேம் மதிலில் இருந்த ஒரு குட்டி வாசல், ஒட்டகம் சுமையை இறக்கி மண்டியிட்டு நுழையும் என்பதும் இதே ரகம். அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று கிடையாது. அதைவிடப் பெரிய கெடுதல், அந்த விளக்கம் வசனத்தின் பல்லைப் பிடுங்கிவிடுகிறது. மனுஷரால் கூடாதது என்று இயேசு சொன்னதை, கொஞ்சம் குனிந்தால் முடியும் என்று மாற்றிவிடுகிறது. ஓடிப்போகும் ஆட்டுக்குட்டியின் காலை மேய்ப்பன் உடைத்துத் தோளில் சுமப்பான் என்பதும், மெல்ல மெல்லச் சூடாகும் நீரில் தவளை வெந்து சாகும்வரை சும்மா இருக்கும் என்பதும் அப்படியே. யார், எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் இல்லாத சம்பவத்தை நடந்ததாகச் சொல்லக் கூடாது. சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'ஒரு கதை உண்டு' என்று ஆரம்பித்துவிடலாம். கதையாகச் சொல்வதில் தவறொன்றும் இல்லை.

இனி, நல்லதை எங்கே தேடுவது? பலர் முதலில் கதையைப் பிடித்துவிட்டுப் பிறகு அதற்கேற்ற வசனம் தேடுகிறார்கள். அங்கேதான் கோணுகிறது. வேதபகுதியை நாலைந்து முறை வாசித்து, 'நம் சபையாருக்கு எந்த இடத்தில் இது இடறும்?' என்று ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த இடறலுக்குத்தான் உதாரணம் வேண்டும். தானாகவே விளங்குகிற இடத்தில் உதாரணம் வைப்பது பட்டப்பகலில் விளக்கேற்றுவது.

ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். திருவிருந்து ஞாயிறுகளில் 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரம் வாசிக்கிறோம். அங்கே கொரிந்து சபைக்கு எழுதும் பவுலின் கோபம் எதன்மேல்? சபையார் கூடிச் சாப்பிடும் பந்தியில் ஒருவருக்கொருவர் காத்திராமல் முந்திச் சாப்பிடுகிறார்கள். ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான். இல்லாதவர்கள் வெட்கப்பட்டு நிற்கிறார்கள். நம் ஆலயத்தில் ஆளுக்கொரு சின்ன அப்பமும் ஒரு மிடறு திராட்சை ரசமும் வாங்குகிறவருக்கு இந்தக் கோபம் புரிவதில்லை. இதற்கு வெளிநாட்டுக் கதை வேண்டாம்; கீழ்பவானி வாய்க்கால் போதும். பவானிசாகர் அணையிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அவ்வளவு நிலத்துக்கும் ஒரே சமயத்தில் கொடுக்க முடியாது என்பதால் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பாதிப் பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பாதிக்கு ஆகஸ்டில் நெல்லுக்குத் திறந்தால், மறு பாதிக்கு அது முடிந்தபின் புன்செய்ப் பயிருக்கு. அடுத்த வருடம் முறை மாறும். ஏற்பாடு நியாயமானதுதான். ஆனால் மேலே இருப்பவர் தன் மதகில் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துகொண்டால் அவர் வயலில் ஒரு குற்றமும் தெரியாது. பயிர் பச்சையாகத்தான் நிற்கும். கடைமடையில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அங்கே தண்ணீர் கடைசியில் வரும், முதலில் நிற்கும். கொரிந்துவில் முந்தி வந்தவர்கள் தங்கள் பந்தியில் ஒரு தவறும் காணவில்லை; தவறு தாமதமாக வந்தவரின் வெறும் இலையில் இருந்தது. 'ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்' என்ற 33-ஆம் வசனத்தை அதற்குமேல் விளக்க வேண்டாம். வாசித்துவிட்டு நிறுத்தினால் போதும்.

இந்த உதாரணத்துக்கும் ஒரு எல்லை உண்டு. வாய்க்கால் தண்ணீர் அளவுக்கு உட்பட்டது, ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். கிருபை அப்படியல்ல. ஆகவே பகிர்ந்து உண்பதைப் பேச இது பொருந்தும். கிருபையைப் பேசப் பொருந்தாது. ஒவ்வொரு உவமைக்கும் 'எந்த இடத்தில் முறியும்?' என்று முன்கூட்டியே கேட்டு வைக்காதவர், மேடையில் அதைத் தாண்டி இழுத்துவிடுவார்.

மஞ்சள் அப்படி இழுக்கப்படுகிற பொருள். ஈரோட்டில் மஞ்சளைப் பேசாத பிரசங்கம் குறைவு. நட்டு ஒன்பது மாதமளவில் தோண்டி எடுத்து, வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் காயவைத்து, உருளையில் போட்டுச் சுற்றி மேல்தோல் நீக்கிச் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். வேக்காடு குறைந்தாலும் கெட்டது, கூடினாலும் நிறம் கெட்டது. பதம் பார்க்க விரலால் அமுக்குவார்கள், குச்சியால் குத்துவார்கள். சந்தையில் வியாபாரி ஒரு விரலியை ஒடித்து உள்நிறத்தைப் பார்ப்பார். நன்றாகக் காய்ந்தது 'டக்'கென்ற சத்தத்தோடு ஒடியும். உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும் உண்டாக்குவதைச் சொல்லும் ரோமர் 5-க்கு இது நன்றாகப் பொருந்தும். அதிலும் 'பரீட்சை'க்கு அந்த ஒடிக்கிற சத்தம். ஆனால் இதோடு நிறுத்தாமல், வெந்த மஞ்சள் புதுவாழ்வுக்கு எழும்புகிறது என்று சிலர் உயிர்த்தெழுதலுக்கு ஓடிவிடுகிறார்கள். வெந்த மஞ்சள் முளைக்காது. விதை மஞ்சளை வேகவைக்காமல், நிழலில் குவித்து, தழை போட்டு மூடித் தனியே வைப்பார்கள். இது தெரியாமல் பேசினால் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பண்ணையக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொள்ளும் சாக்கில் குனிந்து சிரிப்பார்.

உள்ளூர்ப் பொருள் என்பதாலேயே வேதத்தோடு ஒட்டிவிடாது என்பதற்குக் காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் நல்ல சாட்சி. முள்கிளுவை வேலி சுற்றிலும் நிற்க, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். ஆட்டையும் மாட்டையும் உள்ளே விட்டுக் கடவை அடைத்துவிட்டால் மேய்ப்பவர் வீட்டு வேலை பார்க்கப் போய்விடலாம். இந்தச் சபையில் போய் 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்று பேசினால் அவர்கள் மனதில் வருவது வேலி, மேய்ப்பன் இல்லை! தாவீதின் ஊரில் வேலி கிடையாது, திறந்த மலைச்சரிவு. மேய்ப்பன் நகர்ந்தால் ஆட்டுக்கு வழி தெரியாது. முதலில் கொறங்காட்டைச் சொல்லி, 'அந்த வேலியை எடுத்துவிடுங்கள், இப்போது ஆட்டுக்கு யார் துணை?' என்று கேட்டால் 23-ஆம் சங்கீதம் புதிதாகக் கேட்கும். வேறுபாடும் உதாரணம்தான்.

திருப்பூரில் மத்தேயு 20 பேசுகிறவருக்கு ஒரு எச்சரிக்கை. திராட்சைத் தோட்டத்துக்குக் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழு நாள் கூலி என்பது ஷிப்டு சம்பளக்காரருக்கு ஒரு விதமாகவும், தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட்டில் பவர் டேபிள் தையலில் உட்காருகிறவருக்கு வேறு விதமாகவும் படும். பீஸ் ரேட்காரருக்கு எண்ணிக்கைதான் நியாயம். சனிக்கிழமை சம்பளக் கவரை எண்ணிப் பார்த்தவர் ஞாயிறு காலை இதைக் கேட்கிறார். அவருக்குக் கோபம் வர வேண்டும்; உவமை அதற்காகவே சொல்லப்பட்டது. 'உண்மையில் அவர்களும் கடுமையாகத்தான் உழைத்தார்கள்' என்று பூசி மெழுகாதீர்கள். இயேசு அப்படிச் சொல்லவில்லை.

புளித்த மாவு உவமைக்கு இட்லி மாவு கைகொடுக்கும். மார்கழிக் குளிரில் மாவு பொங்காதென்று பழைய மாவு ஒரு கரண்டி கலக்கிறார்களே, அதுவேதான். உவமையில் வரும் 'மூன்றுபடி' மாவு என்பதை மட்டும் நம் வீட்டுப் படியாக நினைக்க விடாதீர்கள். மூலத்திலுள்ள அளவு ஏறக்குறைய 36 முதல் 40 லிட்டர். கல்யாண வீட்டு மாவு.

சேகரிக்கிற முறையையும் சொல்லிவிடுகிறோம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள். என்ன பார்த்தது, எந்த ஊர், என்ன தேதி, அந்தத் தொழில்காரர் வாயில் வந்த சொல், ஒரு எண், எங்கே முறியும். அடியில் வசனம், அதைப் பிறகு நிரப்பினாலும் சரி. எந்தச் சபையில் என்றைக்குச் சொன்னீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் இரண்டு முறை மஞ்சள் வெந்துவிடும். தொழில் விவரத்தை அந்தத் தொழிலில் இருக்கும் இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்; ஒருவரிடம் மட்டும் கேட்டால் அவர் வீட்டு வழக்கம் ஊர் வழக்கமாகிவிடும். கத்தோலிக்கப் பங்குகளில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியாக முன்பே குறிக்கப்பட்டிருப்பதால், ஆடியில் பார்த்ததைத் தை மாத மறையுரைக்கு எடுத்து வைப்பது எளிது.

அளவு. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல் வரும். ஒரு உதாரணம் இருநூறு சொல்லைத் தாண்டினால் சபையார் கதையோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள், வசனம் ஆலயத்திலேயே தங்கிவிடும். இருபத்தைந்து நிமிடப் பிரசங்கத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. முன்னுரை வேண்டாம், 'இதை விளக்க ஒரு சம்பவம் சொல்கிறேன்' என்றதுமே பாதிப் பேர் சாய்ந்து உட்காருகிறார்கள். தாவீது ராஜாவின் பாவத்தைக் கண்டிக்க வந்த நாத்தான் தீர்க்கதரிசி அப்படித் தொடங்கவில்லை. ஒரு பட்டணத்தில் இரண்டு மனுஷர், ஒருவன் ஐசுவரியவான், ஒருவன் தரித்திரன். தரித்திரனுக்கு ஒரே ஒரு ஆட்டுக்குட்டி, அது அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்தது. அதை ஐசுவரியவான் பிடித்துச் சமைத்துவிட்டான். தீர்ப்பைத் தாவீதே சொல்லும்வரை நாத்தான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பிறகு 'நீயே அந்த மனுஷன்'. அதற்குமேல் உவமைக்கு உரை கிடையாது.

இன்னொன்று, இது மிக முக்கியம். அறுபது குடும்பம் இருக்கிற சபையில் 'ஒரு சகோதரி' என்றால் மறைத்ததாக ஆகாது. யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஜெபக் குறிப்பாக வந்த கடன், மருத்துவமனை, மகளின் திருமணத் தடை இவை பிரசங்கப் பொருள் அல்ல. அனுமதி கேட்க வேண்டும். கேட்கத் தயக்கமாக இருந்தால் அந்தத் தயக்கமே பதில். கறுப்பு நிறத்தைப் பாவத்துக்கும், பார்வையற்றவரை அறியாமைக்கும் அடையாளமாக்கும் பழைய பழக்கத்தையும், மருமகள் நகைச்சுவையையும், பிறர் வழிபாட்டைக் கேலி செய்யும் துணுக்கையும் நோட்டில் ஏற்றவே கூடாது.

கடைசியாக உங்களிடம் கேட்பது. ஆன்மிகப் பக்கத்தில் உதாரணம் வெளியிடும்போது அது நடந்ததா, கதையா என்று ஒரு சொல் போடுங்கள். நடந்தது என்றால் ஊரும் ஆண்டும். ஊர்பேர் இல்லாத கழுகுகளை நிறுத்திவிடலாம். உண்மையில் எங்களுக்கு அந்தப் பக்கத்தைவிட உங்கள் மற்றப் பக்கங்களே அதிகம் உதவுகின்றன: மஞ்சள், கொப்பரை, பட்டுக்கூடு விலை, நாமக்கல் முட்டை விலை, பவானிசாகர் நீர்மட்டம், தண்ணீர் திறப்பு அறிவிப்பு. ஞாயிறு ஆராதனையில் பொது விண்ணப்ப ஜெபம் ஏறெடுக்கிறவர் சனிக்கிழமைப் பத்திரிகையில் இவற்றைப் பார்த்துக்கொண்டு போனால், 'விவசாயிகளை ஆசீர்வதியும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டார். நீர்மட்டச் செய்தி சில நாட்களில் விடுபட்டுப்போகிறது. அதை அன்றாடம், ஒரே இடத்தில், 105 அடியில் எத்தனை அடி என்று போட்டு, எந்த மதகுகளுக்கு எந்தத் தேதிவரை தண்ணீர் என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஈரோடு, காங்கயம் வட்டாரச் சபைகளின் உபதேசியார்,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் சிலர்