ஒத்தக் காது ஹெட்செட்டும் என் நன்றியும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நேர்ல நன்றி சொல்ல ரெண்டு தடவை ட்ரை பண்ணேன், தொண்டை அடைச்சிக்கிச்சு, அதான் டைப் பண்றேன், பிழை இருந்தா மன்னிச்சிருங்க.

அப்பா தவறினதுக்கு அப்புறம் நாலு மாசம் என்னால ஜெபம் பண்ண முடியல. முழங்கால் போடுவேன், "ஆண்டவரே"ன்னு ஆரம்பிப்பேன், அதுக்கு மேல வார்த்தை வராது. பைபிள திறந்தா எழுத்து தெரியும், உள்ள இறங்காது. ஒருத்தர் வந்து உனக்கு விசுவாசம் பத்தலைன்னு சொல்லிட்டுப் போனார், சரி, அவரை விடுங்க.

கொயர்ல பாடுற அக்கா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. நீங்க அறிவுரை சொல்லல, எப்படி இருக்கேன்னு கூட கேக்கல, தினம் ராத்திரி ஒரு வாய்ஸ் நோட், அவ்ளோதான். மியூசிக் இல்லாம வெறும் குரல், பின்னாடி ஃபேன் சத்தம், நடுவுல இருமுவீங்க, சுருதி இறங்கிடும், விட்ட அடியிலேருந்து திரும்பப் பிடிப்பீங்க. ஸ்டூடியோல பண்ண பாட்டு எவ்ளோ கேட்டிருப்பேன், ஆனா அந்த இருமல்தான் ஒட்டிக்கிச்சு, நமக்காக யாரோ முழிச்சிருக்காங்கன்னு.

கீபோர்டு அண்ணா, துள்ளல் பாட்டெல்லாம் இப்போ வேணாம், அழுற பாட்டையே கேளுன்னு சொன்னீங்க பாருங்க, அது எனக்கு பெரிய விடுதலை. பைபிள்ல இருக்கிற மொத்தம் 150 சங்கீதத்துல அழுகை எவ்ளோ இருக்குன்னு அப்பதான் பார்த்தேன். 88-ம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டாவே முடியுது. "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்"ங்கிறது 42, 43 ரெண்டுலயும் சேர்த்து மூணு தடவை வருது, அப்போ எழுதினவருக்கே ஒரு தடவை சொன்னதுல மனசு கேக்கல போல.

பைபிள் ஸ்டடி ஆன்ட்டி சொன்ன ஒண்ணையும் சொல்லியே ஆகணும். அப்போஸ்தலர் 16-ல பவுலும் சீலாவும் நடுராத்திரி ஜெயில்ல பாடினாங்கன்னு எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம், நானும் பவுல் மாதிரி பாடணும்னு நினைச்சு முடியாம குற்ற உணர்ச்சிலயே கிடந்தேன். ஆன்ட்டி அதே வசனத்தோட பின்பாதியக் காட்டினாங்க, காவல்ல இருந்த மத்தவங்க "அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்"னு இருக்கு. அவங்க பாடல, சும்மா கேட்டாங்க, பூமி அதிர்ந்து ஜெயில் கதவு திறந்தப்போ அவங்க கட்டும்தான் கழண்டுச்சு. நீ இப்போதைக்கு கேக்குற ஆளா இருந்துக்கோன்னாங்க, அன்னைக்கு ராத்திரிதான் ரொம்ப நாள் கழிச்சு நல்லா தூங்கினேன்.

அப்புறம் அண்ணா, நீங்க கொடுத்த ஹெட்செட்ல வலது காது வேலை செய்யாதுன்னு ஏன் சொல்லல? நாலு மாசமா எல்லாப் பாட்டையும் பாதிதான் கேட்டிருக்கேன். போன வாரம் ஸ்பீக்கர்ல போட்டா, தினம் கேட்ட பாட்டுல ஒரு வயலின் ஓடுது! தனியா உக்காந்து சிரிச்சேன், அப்படியே கூட சேர்ந்து ரெண்டு அடி பாடியும் பார்த்தேன், குரல் கரகரன்னு வந்துச்சு, ஆனா வந்துச்சு.

ஹெட்செட்ட ஞாயித்துக்கிழமை கொண்டு வந்து கொடுக்கறேன். அக்கா, வாய்ஸ் நோட்ட மட்டும் இப்போதைக்கு நிறுத்திடாதீங்க.