ஒன்பது ஜன்னலையும் மாற்ற வேண்டாம் அம்மாடி

அம்மாடி செல்வி,

நீ அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்துவிட்டேன். திருவான்மியூர் காற்றில் அந்தப் படுக்கையறை ஜன்னல் கதவு அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டு அம்மாவும் அடுப்பை விட்டு வந்து நின்று பார்த்தாள். வந்த ஆள் ஒன்பதையும் பெயர்த்துவிட்டு யூபிவிசி என்கிற பிளாஸ்டிக் ஜன்னல் போடச் சொல்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருஷத்துக்கு மேல் நிலையும் ஜன்னலும் செய்தே உங்களை வளர்த்தவன் சொல்கிறேன், ஒன்பதும் போக வேண்டியதில்லை. ஆனால் ஒன்றிரண்டு கட்டாயம் போக வேண்டும், அது எது என்று நீயே பார்த்துவிடலாம்.

கதவை விடு, முதலில் சுவரில் பதிந்திருக்கிற மரச்சட்டத்தைப் பார். கதவு கெட்டால் கதவை மட்டும் புதிதாகச் செய்து மாட்டலாம், கீல் துருப்பிடித்தால் பித்தளைக் கீல் போடலாம், சட்டம் கெட்டால்தான் சுவரை உடைக்கிற வேலை. ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சட்டத்திலும் அடிக்கட்டையின் இரண்டு மூலையையும் அழுத்திக் குத்து. மழைத்தண்ணீர் வழிந்து நிற்கிற இடம் அதுதான், மரம் அங்கேதான் முதலில் மக்கும். முனை இறங்காவிட்டால் பயமில்லை. அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்தச் சட்டம் முடிந்தது, மேலே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் பிழைக்காது. அப்புறம் விரல் முட்டியால் தட்டிப் பார். பொத்துப்பொத்தென்று கேட்டால், சுவரோரம் மண் கோடு ஏறியிருந்தால், கரையான். தேக்கில் வைரத்தை, அதாவது நடுக்கட்டையை, அது லேசில் தொடாது, வெளிப்பக்கத்து வெள்ளை மரத்தைத் தின்றுவிட்டு வெறும் பெயிண்டை மட்டும் நிறுத்தி வைத்திருக்கும். கரையான் சுவருக்குள் இருந்து வருகிறது, சுவருக்கு மருந்து வைக்காமல் புது மரம் வைத்தால் அதையும் தின்னும்.

ஐப்பசி கார்த்திகையில் கதவு இறுகுகிறது என்பதற்காக எதையும் மாற்றாதே. மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், மாசிக்குள் தானாகச் சுருங்கிவிடும். மாசியிலும் இடித்தால் சட்டத்துக்குள் மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடி. இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது, கீல்தான் தொங்கியிருக்கும். இல்லையென்றால் சட்டமே கோணிவிட்டது.

கிச்சன் ஜன்னலுக்குக் கீழே ஈரம் என்றாயே, அதில் எனக்கு ஜன்னல் மேல் சந்தேகமே இல்லை, சன்ஷேட் மேல்தான் சந்தேகம். சன்ஷேட்டின் அடிப்பக்கம், வெளி விளிம்பை ஒட்டி, விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் ஓட வேண்டும். அது பூச்சில் அடைபட்டுப் போனால் தண்ணீர் சொட்டாமல் அடிப்பக்கமாகவே ஊர்ந்து வந்து சுவரில் இறங்கும். அதைச் சரி செய்யாமல் எவ்வளவு விலைக்கு ஜன்னல் வைத்தாலும் அடுத்த மழையில் அதே ஈரம் வரும். ஹாலில் இருக்கிற அலுமினிய ஸ்லைடிங்குக்கு ஒன்றும் இல்லை, அடித் தடத்தில் தண்ணீர் வெளியேறுகிற ஓட்டைகள் மண்ணடைத்திருக்கும், குத்தி விடு, உருளையை மாற்று, போதும்.

கடல் பக்கத்துப் படுக்கையறை ஜன்னலை மட்டும் நான் விடமாட்டேன். கிரில் பதிந்த இடத்தில் மரம் பிளந்திருப்பது வீடியோவிலேயே தெரிகிறது. இரும்பைவிடத் துரு பல மடங்கு இடம் பிடிக்கும், உள்ளே வீங்கி மரத்தையும் பூச்சையும் பிளந்துவிடும், உப்புக்காற்றில் இது வேகமாக நடக்கும். கிரிலை இரண்டு கையால் பிடித்து இழுத்துப் பார். அசைந்தால் அன்றைக்கே கட்டிலைத் தள்ளிப் போடு, பேரனை அந்த ஜன்னலில் ஏற விடாதே.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2018 கஜா புயலில் நடந்ததை உனக்கு நாங்கள் முழுசாகச் சொல்லவில்லை. நம் வீட்டு மேற்கு ஜன்னல் சட்டத்தில் திருகாணி பிடிக்கவில்லை என்று எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். மூங்கில் சிம்பு அடித்து அடித்து மறுபடி முடுக்கிவிட்டு, மற்றவர் வீட்டு வேலையெல்லாம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். நவம்பர் 16, நடுராத்திரிக்கு மேல், கதவு கீலோடு பிய்ந்துகொண்டு உள்ளே விழுந்தது. காற்று வீட்டுக்குள் புகுந்ததும் பின்கட்டு ஓடு உள்ளிருந்தே கிளம்பிப் போனது. விடிகிற வரை நானும் அம்மாவும் கட்டில் பலகையை வைத்து முதுகால் அழுத்திக்கொண்டு நின்றோம். அம்மா கையில் இருக்கிற தழும்பு அரிவாள்மணை வெட்டியது இல்லை அம்மாடி, அந்தக் கண்ணாடி. நீ சென்னையில் தனியாக இருந்தாய், பயந்துவிடுவாய் என்று அவள்தான் சொல்ல வேண்டாம் என்றாள்.

சரி, அந்தப் படுக்கையறை ஜன்னல் ஒன்றுக்கு யூபிவிசி போடலாம், கடலோரத்துக்கு நல்லதுதான். உள்ளே துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வைக்கிறார்களா என்று வெட்டிய துண்டைக் கேட்டு வாங்கிப் பார். இரண்டு கதவு ஸ்லைடிங் என்றால் பாதிதான் திறக்கும், பாதிக் காற்றுதான் வரும், அதனால் வெளியே திறக்கிற கதவாகக் கேள். சதுர அடி விலையில் கொசுவலை, கிரில், சுவர்ப் பூச்சு எல்லாம் சேர்த்தியா என்று மாப்பிள்ளையை எழுதி வாங்கச் சொல். பழைய மரத்தை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிடாதே, அப்படிப்பட்ட மரம் இன்றைக்கு வாங்க முடியாது, மக்காத பாகத்தில் பேரனுக்கு ஒரு படிப்பு மேஜை வரும்.

ஞாயிற்றுக்கிழமை திருப்புளியால் குத்திப் பார்த்துவிட்டு ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுத்து அனுப்பு. மற்ற கதவுகளை இழைக்க மாசியில் நானே வருகிறேன்.

அப்பா