'ரன்' என்றால் ஓட்டம் மட்டுமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் படித்த பொருளாதார மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றில், 'நீண்ட ஓட்டத்தில் இத்திட்டம் பலன் தரும்' என்ற வரி என்னை மிகவும் உறுத்தியது. 'நாளடைவில்' என்று எல்லார் நாவிலும் புழங்கும் சொல் இருக்கும்போது இப்படி எழுத வேண்டிய தேவை என்ன? அதே கட்டுரையில், வங்கி நொடித்துவிடும் என்று அஞ்சி மக்கள் ஒரே நேரத்தில் தங்கள் சேமிப்பை எடுக்க முண்டியடிப்பது 'வங்கி ஓட்டம்' ஆகியிருந்தது. அதைப் படிப்பவருக்கு நடந்தது என்னவென்றே விளங்காது.

ஆங்கிலத்தில் முன்னது 'லாங் ரன்', பின்னது 'பேங்க் ரன்'. இரண்டு பிழைகளுக்கும் மூலம் 'ரன்' (run) என்னும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' (set) என்ற சொல்லுக்கு உரியதாக இருந்தது. பின்னர் நடந்த திருத்தப் பணியில் 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் கணக்கிடப்பட்டன. அந்த ஒரு பதிவைச் சீர்செய்ய, பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளருக்கு ஒன்பது மாதங்கள் பிடித்தன.

இத்தனை பொருள்களையும் 'ஓடு' என்ற ஒரு சொல்லில் அடைக்க முயல்வதுதான் தவறு. நான் மொழிபெயர்ப்புப் பயிற்சி அளிப்பவன். துணி துவைப்பது பற்றிய ஒரு வாக்கியத்தை மாணவி ஒருத்தி 'சட்டையின் நிறம் ஓடியது' என்று எழுதியிருந்தாள். "வீட்டில் துணி அலசும்போது இப்படி ஆனால் என்ன சொல்வாய்?" என்று கேட்டேன். "சாயம் போயிடுச்சுன்னு சொல்வேன்" என்றாள், ஒரு நொடியும் தயங்காமல். அவளிடம் தமிழ் இருந்தது. ஆங்கிலச் சொல்லைப் பார்த்த கண்தான் அதை மறைத்துவிட்டது. மூக்கு ஒழுகுகிறது, காய்ச்சல் அடிக்கிறது, கையிருப்பு தீர்ந்துவிட்டது, கட்டுரை இதழில் வெளிவந்தது, நோய் பரம்பரையாக வருகிறது: ஆங்கிலத்தில் இவை அனைத்தும் 'ரன்'தான், தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை காத்திருக்கிறது. தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் 'ஓடுகிறார்'. பிரிட்டனிலும் நம்மிடமும் வேட்பாளர் 'நிற்கிறார்'. ஒரு சொல் எங்கே, எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதுதான் அதன் பொருளை முடிவு செய்கிறது என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

'ஓடு' என்பதை அறவே தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலவடிவம் நீர் பாய்வதையும் குறித்தது. நம் மொழியிலும் நீர் ஓடும் இடம் ஓடை. கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மனத்தில் எண்ணம் ஓடுகிறது என்னும்போது இரு மொழிகளும் தாமாகவே ஒன்றுபடுகின்றன. புதிதாகச் செய்த தேரையோ கப்பலையோ ஓட்டிப் பார்ப்பதற்கு 'வெள்ளோட்டம்' என்ற அழகிய சொல் நம்மிடம் இருக்க, 'சோதனை ஓட்டம்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டதுதான் எனக்கு வருத்தம். ஒரே சொல் பல பொருள் தருவதற்கென்றே, செய்யுள் வடிவிலான நம் பழைய அகராதிகளாகிய நிகண்டுகளில் தனித் தொகுதி வகுத்த மரபு நம்முடையது. இந்த நுட்பம் நமக்குப் புதிதன்று.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் வகையில், வாரம் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்தச் சொற்களோடு வரும்போது தமிழில் என்னவாகும் என்பதை முழு வாக்கியங்களாகத் தங்கள் இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சொல்லுக்குச் சொல் பொருள் தரும் பட்டியல் வேண்டாம். அத்தகைய பட்டியல்கள்தாம் 'நீண்ட ஓட்டத்தை' நமக்குத் தந்தன. முதல் வாரத்துக்கு 'செட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புப் பயிற்றுநர் ஒருவர்